வழியனுப்பிய அன்றே திரும்பி வந்தவள்

உள்ளறையில் இரும்புப் பெட்டி தரையோடு தரையாக இழுபடும் சத்தம் கேட்டது. கேட்பவர்கள் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டிய சத்தம். அதன் பின்னாலேயே நாத்தனாரின் குரல் வந்தது.

"டேய் தம்பி, தட்டு வெச்சாச்சு. டம்ளர் வெச்சாச்சு. கம்பளி ரெண்டு. ஒரு வருஷத்துக்கு இது போதுமாடா?"

"ஒரு வருஷமா? என்னக்கா சொல்ற?"

"பின்ன? ரெண்டு நாள்ல திரும்பி வர்றதுக்கு அவ என்ன கல்யாண வீட்டுக்கா போறா?"

முன்னறையில் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்திருந்த பொத்தானுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு தொண்டையைத் தாண்டுவதற்குள் இருமலாக மாறியது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, நெஞ்சைப் பிடித்தபடி, அது ஓயும்வரை குனிந்திருந்தாள்.

பெற்றவர்கள் அவளுக்கு அழகான பெயர்தான் வைத்திருந்தார்கள். ஆனால் அந்தத் தெருவில் யாருக்கும் அது தேவைப்படவில்லை; எல்லோருக்கும் அவள் பொத்தான்தான். பள்ளிச் சீருடைக் கடைக்குத் துளை வெட்டிக் காஜா எடுத்துப் பொத்தான் தைப்பது அவள் தொழில். அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் மார்பில் மாட்டிக்கொண்டு திரிந்த பொத்தான்களில் முக்கால்வாசி அவள் விரல் பட்டவை. அவள் தைத்தால் சட்டை கிழியுமே தவிர பொத்தான் கழலாது. சும்மா உட்காரத் தெரியாத பிறவி அது. துக்க வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் அவள் விரல்கள் இல்லாத நூலை முறுக்கிக்கொண்டிருக்கும்.

கணவன் நகரப் பேருந்து ஓட்டுநர். ஆள் பார்க்க மலை மாதிரி இருப்பான், கண்ணீருக்கு மட்டும் தாழ்ப்பாள் கிடையாது. பேருந்தில் ஒரு குழந்தை அம்மாவைத் தேடி அழுதால், அம்மா கிடைக்கும்வரை இவனும் சேர்ந்து அழுவான். அவனைத் தாய்க்குத் தாயாக இருந்து வளர்த்தவள் அவன் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாதவள். அந்த வீட்டில் தண்ணீர்கூட அவளைக் கேட்டுத்தான் கொதிக்கும்.

இருமல் வாரக்கணக்கில் விடவில்லை. பொழுது சாய்ந்தால் காய்ச்சல். உடம்பு நூலாகிவிட்டது. கடைசியில் தெருமுனை மருத்துவமனையில் சளியைப் பரிசோதித்துப் பார்த்து, "காசநோய். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். எதற்குப் போக வேண்டும், போனால் என்ன செய்வார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நாத்தனாருக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. அவள் முகம் ஒரு நொடி வெளுத்தது. அடுத்த நொடி நாற்காலி போட்டு ஏறி, பரண்மேல் இருந்த இரும்புப் பெட்டியை இறக்கிவிட்டாள். அவள் இறக்கிய பிறகு, "எதுக்கு?" என்று கேட்கும் தைரியம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை.

பொத்தான் ஒரு வருஷம் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள் என்ற செய்தி, பெட்டி பூட்டப்படுவதற்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. வாசலில் கூட்டம் கூடியது. ஆளாளுக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

சீருடைக் கடைக்காரர் அழுதுகொண்டே முன்னால் வந்தார். "பள்ளிக்கூடம் திறக்கப்போற நேரத்துல போறியேம்மா! உன்னை மாதிரி காஜா எடுக்க இந்த ஊர்ல யாரு இருக்கா?" என்றார். அவர் அழுதது அவளுக்காகவா, பொத்தானில்லாமல் கிடக்கும் சட்டைகளுக்காகவா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். இரண்டும் கலந்துதான் இருந்திருக்கும்.

எதிர்வீட்டுக்காரி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். "நீ திரும்பி வரும்போது நான் இருக்கேனோ இல்லையோ, இதைச் சொல்லாம விட்டா என் நெஞ்சு வேகாது. உன் கொடியில இருந்து துணிக் கிளிப்பு காணாமப் போச்சே, காக்கா தூக்கிட்டுப் போச்சுன்னு சொன்னேனே, காக்கா இல்லடி. நான்தான்!"

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்!"

இரண்டு பேரும் அழுதார்கள். பொத்தான் மனதார மன்னித்தாள். ஒரு வருஷம் கொடியே தேவைப்படாதவளுக்குக் கிளிப்பு எதற்கு?

வாடகைக் காரில் ஏறியதும் கணவனின் முறை. வழி நெடுக ஜன்னல் பக்கமாகத் திரும்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தவன், பாலம் தாண்டியதும் உடைந்துவிட்டான்.

"இனிமே அந்த உப்பில்லாத சாப்பாட்டுக்கு நான் எங்க போவேன்?"

"உப்பில்லாத சாப்பாடா?" என்றாள் பொத்தான்.

"கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து உப்பே இருக்காது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா? டிப்போவுல போய் உப்பு போட்டுத்தான் சாப்பிடுவேன். உன் மனசு நோகக் கூடாதுன்னுதான்."

அழுகிறவனிடம் சண்டை போடுவது எப்படி?

ஆனால் யாரிடமும் சொல்ல முடியாத ஒன்று அவள் நெஞ்சுக்குள் இருந்தது. அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. சாவோ என்றுகூட நினைத்துப் பார்த்துவிட்டாள். அந்தப் பயத்துக்கு அடியில், அதைவிட ஆழத்தில், ஓர் ஆசை. ஜன்னலோரமாக ஒரு கட்டில். வெள்ளை விரிப்பு. பட்டப்பகலில் படுக்கலாம்! யாரும் கூப்பிட மாட்டார்கள், யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். விவரம் தெரிந்த நாளிலிருந்து வெயில் இருக்கும்போது அவள் படுத்ததே இல்லை. நோய் வந்தவளுக்கு ஆசை வருகிறதே என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். திட்டினாலும் ஆசை போகவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியின் மருத்துவர் இளம்பெண். பொத்தானின் நெஞ்சைத் தட்டிக் கேட்டாள், எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு கதவோரம் நின்ற இரும்புப் பெட்டியைப் பார்த்தாள்.

"இது என்னது?"

"அவ சாமான். எந்தக் கட்டில்னு சொன்னீங்கன்னா வெச்சுடுவோம்" என்றாள் நாத்தனார்.

"கட்டிலா? இவங்களை எதுக்கும்மா சேர்க்கணும்? சாதாரண மாத்திரைக்கே அடங்குற கிருமிதான். நல்லா நடக்கறாங்க, நல்லா மூச்சு விடறாங்க. ஆறு மாசம் வீட்டுலயே மாத்திரை சாப்பிடட்டும். ஒரு சிஸ்டர் வீட்டுக்கே வந்து பார்ப்பாங்க."

நாத்தனார் அசையவில்லை. "எனக்குத் தெரியாதா? இதே ஆஸ்பத்திரிதான். கட்டில் பத்தாம தாழ்வாரத்துல பாய் போட்டுப் படுத்திருப்பாங்க. இப்ப மட்டும் வீட்டுக்குப் போன்னா என்ன அர்த்தம்? எங்களைப் பார்த்தா ஏமாளியா தெரியுதா?"

மருத்துவருக்குக் கோபம் வரவில்லை. எழுந்து சுவரில் மாட்டியிருந்த பெரிய படத்தைக் காட்டினாள். இடது மூலையில் உச்சியில் தொடங்கிய ஒரு கோடு, வலது பக்கம் போகப்போகக் கீழே சறுக்கிக்கொண்டு வந்தது.

"இதைப் பாருங்கம்மா. நாடு முழுக்க இந்த நோய்க்காக ஆஸ்பத்திரியில சேர்றவங்க கணக்கு இது. வருஷா வருஷம் குறைஞ்சுக்கிட்டே வருது. நோய் ஒழிஞ்சுபோச்சுன்னு சொல்ல மாட்டேன். நோயாளிங்களும் குறைஞ்சிருக்காங்க, ஆனா இந்த அளவுக்கு இல்ல. முன்னாடி எல்லாரையும் சேர்த்தோம். இப்ப மாத்திரை வீட்டைத் தேடி வருது. ரொம்ப முடியாதவங்களுக்கும், மாத்திரைக்கு மசியாத கிருமி இருக்கறவங்களுக்கும்தான் கட்டில்."

நாத்தனார் அந்தக் கோட்டை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தாள்.

"அப்படின்னா நிறைய கட்டில் காலியாத்தானே கிடக்கும்? அதுல ஒண்ணு கொடுங்க!"

மருத்துவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். கணவன்கூட அழுகைக்கு நடுவில் சிரித்தான். சிரிக்காதவர்கள் இரண்டு பேர். ஒருத்தி நாத்தனார். இன்னொருத்தி, தன் ஜன்னலோரக் கட்டில் கண்ணெதிரே கைநழுவிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்த பொத்தான்.

"என்கூட வா" என்று நாத்தனார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று தாழ்வாரத்தில் நடந்தாள். கணவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினான். வழி கேட்காமலே இரண்டு இடத்தில் திரும்பி, ஒரு நீண்ட கூடத்துக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கட்டில் வரிசை எதுவும் இல்லை. அது இப்போது மூட்டு வலிக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் கூடம். சுவரோரமாகக் கம்பிகள், பந்துகள், மெத்தைகள். ஜன்னலுக்குக் கீழே ஒரு மெத்தையில் தொப்பைக்கார மனிதர் ஒருவர் மல்லாந்து படுத்துக் காலைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார். நாத்தனார் அவரையே பார்த்தாள். அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது.

தொப்பைக்காரர் பதறிவிட்டார். "அம்மா, அழாதீங்கம்மா. எனக்கு அவ்வளவா வலிக்கலைம்மா!"

"நீங்க தூக்குங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு, நாத்தனார் பொத்தானிடம் திரும்பினாள். "அங்கதான் என் கட்டில் இருந்துச்சு."

கணவன் பெட்டியைக் கீழே போட்டான். கூடமே அதிர்ந்தது.

"உன் கட்டிலா? அக்கா!"

"உனக்கு அப்ப ரெண்டு வயசுடா. நான் வேலைக்குப் போயிருக்கேன்னு உன்கிட்ட சொல்லியிருந்தாங்க." அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அம்மாவுக்கு இதே நோய்தான். வீட்டுலயே இருக்கட்டும்னு அப்பா சொல்லிட்டார். வீட்டுல இருந்தா என்ன செய்வா? இருமிக்கிட்டே துவைச்சா, இருமிக்கிட்டே சமைச்சா. ஒரு நாள் அடுப்படியில உட்கார்ந்தவ எழுந்திருக்கவே இல்ல. அடுத்த வருஷம் எனக்கும் வந்துச்சு. மாமாதான் அப்பாகிட்ட சண்டை போட்டு என்னை இங்க கொண்டுவந்து சேர்த்தார். அதோ அந்த ஜன்னல். ஒரு வருஷம், தினமும் பாலு, முட்டை. ஒரு துரும்பை எடுத்துப் போட விடல. கன்னம் உப்பி வீட்டுக்குத் திரும்பினேன். பேசி வெச்சிருந்த மாப்பிள்ளை வீட்டுக்காரங்க, வார்டுல கிடந்த பொண்ணு வேண்டாம்னுட்டாங்க. போகட்டும். உயிரோட இருக்கேன்ல?"

ஓட்டுநர் அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுத அழுகையில், தொப்பைக்காரரும் காலைக் கீழே போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணி," என்றாள் பொத்தான் மெல்ல, "அப்பவும் உங்களுக்கு ஊசி, மாத்திரையெல்லாம் கொடுத்திருப்பாங்களே?"

"கொடுத்தாங்க, கொடுத்தாங்க. அதை யாருடி கவனிச்சா? படுக்கை கொடுத்தாங்களே, அதைச் சொல்லு!"

மருத்துவரிடம் திரும்பிப் போனார்கள். நடந்ததைக் கேட்ட அவளுக்கும் கண் கலங்கியது. இருந்தாலும் மனம் மாறவில்லை. "உங்களைக் காப்பாத்தினது அந்த மருந்துதாம்மா. ஓய்வும் நல்லதுதான், ஆனா அதை வீட்டுலயே கொடுக்கலாமே. உங்க வீட்டுல இவங்களுக்கு ஓய்வு கிடைக்காதா?"

"எங்க வீட்டுலயா?" நாத்தனார் அதிர்ந்துபோய் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "நான் இருக்கற வீட்டுலயா?"

அதைவிட நேர்மையான பதிலை அந்த மருத்துவர் அதுவரை கேட்டிருக்க மாட்டாள். கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. ஒரு மாதம் பார்ப்பது. காய்ச்சல் விடாமல், எடையும் ஏறாமல் இருந்தால் மறுபடி கூட்டிவர வேண்டும், சேர்ப்பதைப் பற்றி அப்போது யோசிக்கலாம்.

"ஏறலைன்னா நானும் வந்து இங்கயே உட்கார்ந்துடுவேன்" என்று எச்சரித்துவிட்டுத்தான் நாத்தனார் கிளம்பினாள்.

காலையில் கண்ணீரோடு வழியனுப்பிய தெரு, சாயங்காலம் அதே பெட்டியோடு அவள் வந்து இறங்குவதைப் பார்த்தது. அழுது முடித்து முகம் கழுவி, அப்போதுதான் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டுக்காரி கையில் டம்ளரோடு அப்படியே உறைந்துபோனாள்.

"என்னடி, வந்துட்டே?"

"வந்துட்டேன்."

"ஒரு வருஷம்னு சொன்னாங்களே?" அவள் முகத்தில் சந்தோஷமும் திகிலும் மாறி மாறி ஓடின. "நல்லது, ரொம்ப நல்லது. அது வந்து, காலையில நான் ஏதோ உளறினேன் இல்ல? அதை மனசுல வெச்சுக்காதே."

"கிளிப்பா? நாளைக்குக் கொடுத்தாப் போதும்க்கா."

எதிர்வீட்டுக் கதவு அவசரமாக மூடிக்கொண்டது. வீட்டுக்குள் போனதும் பொத்தான் கணவனைத் தனியாகப் பிடித்தாள். "உப்பு இல்லைன்னு ஒரு நாள் சொல்லியிருந்தா என்ன? நாக்குல புண்ணா?" அவன் பேருந்தை ரிவர்ஸ் எடுப்பவன்போல இரு பக்கமும் பார்த்துக்கொண்டே பின்வாங்கினான்.

எல்லோரும் நகர்ந்த பிறகு, அவள் முன்னறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து அழுதாள். ஆஸ்பத்திரியில் சேர்க்கவில்லையே என்று அழுத நோயாளி இந்த உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

மறுநாளே சிஸ்டர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். குண்டான, கலகலப்பான பெண்மணி. தெருவின் இந்தக் கோடியில் சிரித்தால் அந்தக் கோடிக்குக் கேட்கும். முன்னறை ஜன்னலைத் திறக்க வைத்தாள், கொஞ்ச நாளைக்கு முகக்கவசம் போட்டுக்கொள்ளச் சொன்னாள், வீட்டில் மற்றவர்களையும் பரிசோதனைக்கு அனுப்பினாள். காலையில் வெறும் வயிற்றில் தன் கண்ணெதிரே மாத்திரைகளை விழுங்க வைத்தாள். "ஒண்ணு சொல்லிடறேன்," என்றாள், "சிறுநீர் ஆரஞ்சு நிறத்துல போகும். மாத்திரையோட வேலை அது, பயப்படாதீங்க."

பொத்தான் பயப்படவில்லை. ஆனால் அதை நாத்தனாரிடம் சொல்ல மறந்துவிட்டாள். ஒரு நாள் குளியலறையிலிருந்து எழுந்த அலறலில் மேல்மாடிக்காரர்கள்கூட இறங்கி ஓடிவந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் நாத்தனார் நெற்றியைத் தட்டிக்கொண்டாள். "அட, எனக்கும் அப்படித்தான் போச்சு. பயந்துபோய் யார்கிட்டயும் சொல்லாம இருந்தேன்" என்றாள். அவள் முகத்தில் அன்றுதான் முதன்முதலாக மாத்திரைமீது ஒரு துளி மரியாதை தெரிந்தது.

காய்ச்சல் இறங்கியது. இருமல் குறைந்தது. எடை மட்டும் ஏறவில்லை.

ஏன் ஏறவில்லை என்பது அந்த வீட்டுச் சுவர்களுக்குத் தெரியும். "நீ படு" என்று நாத்தனார் வாய் நிறையச் சொல்வாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போவாள். போன சூட்டோடு குரல் வரும். "அந்தக் கிண்ணத்தை மட்டும் கழுவிக் கொடுத்துட்டுப் படேன்." கழுவிக் கொடுத்தால், "வந்ததுதான் வந்தே, இந்த வெங்காயத்தை மட்டும் நறுக்கிடு." நறுக்கி முடித்தால், "தம்பியோட சட்டையை மட்டும் இஸ்திரி போட்டுடேன், அவசரமா போகணுமாம்." அந்த வீட்டில் இந்த 'மட்டும்' என்ற சொல்லுக்கு எல்லையே கிடையாது. அவள் கொடுமைக்காரி இல்லை. கை தானாக அடுப்பை மூட்டுவதுபோல, வாய் தானாக வேலை சொன்னது. அவ்வளவுதான்.

போதாக்குறைக்குக் கடைக்காரர் வேறு. பள்ளி திறக்கும் நாள் நெருங்க நெருங்க அவர் முகம் பார்க்கவே பாவமாக இருந்தது. ஒரு மத்தியானம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "படுத்துக்கிட்டே எடுக்கலாம்மா. ஊசிக்கு என்ன கனம் இருக்கப்போகுது?" ஒரு கட்டு வெள்ளைச் சட்டை ஜன்னல் வழியாக உள்ளே இறங்கியது. மறுநாள் இன்னொரு கட்டு.

பொத்தான் போர்வையைத் தலைவரை இழுத்துவிட்டுக்கொண்டு அதற்குள் காஜா எடுத்தாள். யாரும் வற்புறுத்தவில்லை. சும்மா கிடப்பது எப்படி என்று அவள் விரல்களுக்குத் தெரியவில்லை. படுக்க வேண்டும் என்று உயிரை விட்டவளுக்கு, படுக்கை கிடைத்ததும் அதில் என்ன செய்வது என்று புரியவில்லை. முதுகு வலித்தது, கண் எரிந்தது, பசி மரத்துப்போனது. தட்டில் வைத்த முட்டையில் பாதி எதிர்வீட்டுப் பூனைக்குப் போனது.

ஒரு மாதம் முடிய இன்னும் இரண்டு வாரம் இருக்கும்போது சிஸ்டர் எடைக்கருவியைக் கொண்டுவந்து வைத்தாள். முள் அவள் வந்த முதல் நாள் காட்டிய இடத்தையே காட்டியது. அடம்பிடிக்கும் குழந்தைபோல அங்கேயே நின்றது. சிஸ்டரின் சிரிப்பு நின்றுபோனது.

"மாத்திரை சரியாத்தான் உள்ளே போகுது. நானே பார்க்கறேன். சாப்பிடறாங்களா? தூங்கறாங்களா?"

"நாள் முழுக்கப் படுத்துத்தான் கிடக்கறா!" என்றாள் நாத்தனார்.

பொத்தான் ஊசி குத்திய விரல்களை மடக்கிக்கொண்டாள். சிஸ்டர் போனதும் நாத்தனார் பரண்மேல் திரும்ப ஏறியிருந்த இரும்புப் பெட்டியை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையின் அர்த்தம் பொத்தானுக்குப் புரிந்தது. சிரிப்பும் விளையாட்டுமாகத் தொடங்கியது இப்போது நிஜமாகவே நெஞ்சை அழுத்தியது. இப்படியே போனால் மருந்தும் தோற்றுவிடுமோ? ஆஸ்பத்திரியில் உண்மையிலேயே கட்டில் கொடுக்க வேண்டிய நிலைமைக்குத் தானே தன்னைக் கொண்டுபோகிறாளோ?

அன்று பிற்பகல் அது வெளிச்சத்துக்கு வந்தது. நாத்தனார் ஒரு டம்ளர் பாலோடு சத்தமில்லாமல் முன்னறைக்குள் வந்தாள். போர்வை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மூச்சு விடுகிற மாதிரி இல்லை, முயல் ஓடுகிற மாதிரி. அவள் ஒரு நுனியைப் பிடித்துச் சர்ரென்று இழுத்தாள்.

வெள்ளைச் சட்டைகள் தரையில் சரிந்தன. ஊசி பொத்தானின் விரலில் நின்றது. நூல் அவள் பல்லில் இருந்தது.

நாத்தனார் கத்துவாள் என்று பொத்தான் தோளைக் குறுக்கிக்கொண்டாள். ஆனால் கத்தல் வரவில்லை. டம்ளர் தரைக்குப் போனது, பால் சட்டைகளுக்கிடையே ஓடியது, நாத்தனார் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கம்மாவும் இப்படித்தான்டி," என்றாள். குரல் சின்னப் பெண்ணின் குரலாக இருந்தது. "அப்பா வர்ற சத்தம் கேட்டா படுத்துப்பா. அவர் போனதும் எழுந்து துவைப்பா. நான் பார்த்துக்கிட்டு இருந்தேன். யார்கிட்டயும் சொல்லல. சொல்லியிருந்தா பொழைச்சிருப்பாளோ என்னவோ."

"அண்ணி, அழாதீங்க. இனிமே எடுக்க மாட்டேன்."

"அந்தக் கடைக்காரன் வரட்டும். அவனுக்கே காஜா எடுக்கறேன்!" நாத்தனார் ஆவேசமாக எழுந்தாள். "எவ்வளவு தைரியம் இருந்தா நோயாளிகிட்ட வேலை கொடுப்பான்? மனுஷனா அவன்? நீ பேசாம படு. படுக்கறதுக்கு முன்னால அந்தத் துடைக்கிற துணியை மட்டும் எடுத்து..."

அவள் வாய் பாதியில் நின்றது.

நாத்தனார் கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் விரல்களுக்கு மேலே இரண்டு கண்கள் அகல விரிந்திருந்தன.

"நான் தினமும் இப்படித்தான் சொல்றேனா?"

பொத்தான் பொய் சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷமாகச் சொன்ன எத்தனையோ பொய்களில் இன்னொன்றாகப் போயிருக்கும். ஆனால் அன்று அவளுக்கு எங்கிருந்தோ ஒரு தைரியம் வந்தது.

"ஆமா அண்ணி. எனக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் வேண்டாம். அதே மருந்துதான் இங்கயும் வருது. நீங்க வேலை சொல்லாம இருந்தா நான் பொழைச்சுக்குவேன். நானும் வேலை தேடாம இருந்தா."

நாத்தனார் குனிந்து, தானே துணியை எடுத்துத் தானே பாலைத் துடைத்தாள். துடைத்து முடித்ததும் தன் அறையிலிருந்து தலையணையைக் கொண்டுவந்து பொத்தானின் தலைக்குக் கீழே இன்னொன்றாக வைத்தாள்.

மறுநாளிலிருந்து அந்த வீடு வேறு வீடாகிவிட்டது. கடைக்காரரின் சட்டைகள் ஜன்னல் வழியாக எந்த வேகத்தில் உள்ளே வந்தனவோ அதே வேகத்தில் வெளியே போயின. பாவம், அவர் எதிர்வீட்டுக்காரியைப் பிடித்து வேலை கற்றுக்கொடுத்தார். அவள் கிளிப்புகளைத் திருப்பிக் கொடுக்காத குற்ற உணர்ச்சியில், இரவல் ஊசியோடு கோணல் மாணலாக எடுத்துத் தள்ளினாள். முன்னறையில் வெள்ளை விரிப்பு வந்தது. பொத்தான் எழுந்து நின்றாலே, "எங்க கிளம்பிட்டே?" என்று அடுப்படியிலிருந்து அதட்டல் வரும்.

"தண்ணி குடிக்க, அண்ணி."

"நான் இங்க என்ன கல்லா? கேட்டா கொண்டுவர மாட்டேனா?"

ஓட்டுநர் சமையலுக்கு இறங்கினான். இத்தனை வருஷம் வாயில் அடக்கிவைத்த உப்பையெல்லாம் ஒரே வேளையில் கொட்டித் தீர்த்தான். பொத்தான் ஒரு வாய் வைத்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள். "இதுக்கு நான் ஆஸ்பத்திரிக்கே போயிருப்பேன்" என்றாள். வீடே சிரித்தது. அவளும் சிரித்தாள், இந்த முறை இருமல் வரவில்லை. சிரித்து முடித்த பிறகுதான் மூன்று பேருக்குமே அது உறைத்தது. ஓட்டுநர் வழக்கம்போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த முறை உப்பைக் குறைத்தான்.

சும்மா இருக்கப் பழகுவதுதான் அவளுக்குப் பெரிய பாடாக இருந்தது. முதலில் விரல்கள் துடித்தன. பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்க்கக் கற்றுக்கொண்டாள். பள்ளிக்கூடம் திறந்திருந்தது. பிள்ளைகள் ஓடினார்கள். மார்பில் கோணல் பொத்தான்கள். அவளுக்கு வயிறு எரிந்தது, ஆனாலும் எழுந்திருக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருக்கும்போது கண் சொருகும். வெயில் போர்வைமேல் ஏறிக் கிடக்கும். விழித்தால் பசிக்கும். அப்படி ஒரு பசியை அவள் சிறுவயதுக்குப் பிறகு கண்டதில்லை.

குறித்த நாள் வந்தது. சிஸ்டர் எடைக்கருவியோடு உள்ளே நுழைந்தாள். ஓட்டுநர் விடுப்பு எடுத்துக்கொண்டு கதவோரம் நகத்தைக் கடித்தபடி நின்றான். நாத்தனார் அடுப்படி வாசலில் சிலையானாள். பொத்தான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கருவிமேல் ஏறினாள்.

முள் நடுங்கியது. பழைய இடத்தைத் தொட்டது. அங்கே நிற்காமல் தாண்டிப் போனது. நன்றாகவே தாண்டிப் போய் நின்றது.

"ஏறிடுச்சு!" சிஸ்டரின் சிரிப்பு இரண்டு தெருவுக்குக் கேட்டிருக்கும். "காய்ச்சலும் இல்ல, இருமலும் இல்ல. டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு வந்துடுங்க, சேர்க்கற பேச்சே இருக்காது. மாத்திரையை மட்டும் கடைசி நாள் வரைக்கும் விடக் கூடாது. தேறிட்டோம்னு பாதியில நிறுத்தினீங்க, நானே வந்து உதைப்பேன்."

ஓட்டுநர் சத்தமாக அழுதான். நாத்தனார் அழவில்லை. விடுவிடுவென்று வந்து எடைக்கருவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முள் உண்மையிலேயே அங்கேதான் நிற்கிறதா என்று மூக்கு இடிக்கக் குனிந்து பார்த்தாள். பார்த்துவிட்டு பொத்தானின் கன்னத்தை அழுத்திக் கிள்ளினாள். கன்னத்தில் கிள்ளுவதற்குச் சதை இருந்தது.

டீ வந்தது. சிஸ்டர் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். ஊர்க்கதை பேச அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். அடுத்த தெருவில் ஒருவர் மாத்திரையை மோரில் கரைத்துக் குடித்த கதையைத் தொடங்கினாள். அதற்குள் இன்னொரு கதை, அந்தக் கதைக்குள் வேறொன்று. பொத்தான் சிரித்துச் சிரித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் கண் இமைகள் கனத்துச் சரிந்ததை நாத்தனார் பார்த்துவிட்டாள்.

"டீ குடிச்சாச்சா, சிஸ்டர்?"

"ஆச்சும்மா. என்ன சொல்லிட்டு இருந்தேன்? ஆங், அந்த மோர்க்காரர்..."

"அவர் கதையை நாளைக்குக் கேட்டுக்கறோம். நீங்க கிளம்புங்க."

சிஸ்டர் திகைத்தாள். "என்னம்மா, விரட்டறீங்க?"

"அவ தூங்கற நேரம்."

"இந்த நேரத்துலயா? வெயில் சுள்ளுன்னு அடிக்குது!"

"வெயில் அடிக்கும்போதுதான் தூங்குவா. யார் வந்தாலும் சரி, உங்க டாக்டரே வந்தாலும் சரி." நாத்தனார் எடைக்கருவியைத் தூக்கி சிஸ்டரின் கையில் கொடுத்தாள். டம்ளரை வாங்கிக்கொண்டாள். ஒரு கையால் அவள் முதுகை மெல்லத் தள்ளி வாசல்வரை கொண்டுபோய் விட்டாள். "மெதுவா சிரிச்சுக்கிட்டுப் போங்க. சத்தம் உள்ளே வருது."

சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க, நுனிக்காலில் படியிறங்கினாள். ஸ்கூட்டரைக்கூடக் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போய்த்தான் கிளப்பினாள். முன்னறையில் பொத்தான் இரண்டு தலையணைகளிலும் தலையை இறக்கிக்கொண்டு கண்ணை மூடினாள். நாத்தனார் சத்தம் வராமல், தாழ்ப்பாளை விரலால் பிடித்து மெல்ல நகர்த்தி, கதவைச் சாத்தினாள்.